ஆக்குவோர் ஒருவர், பெயரிடுவோர் வேறொருவரா?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்பெறும் தோல், காலணியாகவும் கைப்பையாகவும் இடைவாராகவும் உருமாறிக் கப்பலேறி ஐரோப்பிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலின் மயிரகற்றுவோர் இம்மண்ணின் மக்கள். தைபொறியின் முன் நாள் முழுதும் குனிந்த முதுகோடு அமர்ந்திருக்கும் பெண்களும் இம்மண்ணினரே. தோற்கழிவை உண்டு மாண்ட பாலாறும் இம்மண்ணின் ஆறே. அவ்வாற்றின் பொருட்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச முறைமன்றம் தீர்ப்புரைத்தது. 2025-ஆம் ஆண்டு அதே ஆற்றின் பொருட்டு அம்மன்றமே மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. உழைப்பும் இவர்களது, இழப்பும் இவர்களது. காலணியின் உள்ளடியில் பொறிக்கப்படும் பெயர் மட்டும் பெரும்பாலும் வேற்று நாட்டானுடையது. அக்காலணி அயல்நாட்டுக் கடையில் விற்கும் விலைக்கும், இங்கே அதைத் தைத்தவள் பெறும் கூலிக்கும் இடையேயுள்ள தொலைவை நிரப்புவது பெரும்பகுதியும் அந்தப் பெயர்தான்.

பெயரை இழந்த வரலாறு இத்தொழிலுக்குப் புதிதன்று. தோலைத் தைப்போர்க்குத் துன்னர் என்னும் நல்ல பெயர் பழந்தமிழில் உண்டு. அதை மறந்துவிட்டு, அத்தொழிலோர்க்கு இழிபெயர் சூட்டியதும் இதே குமுகாயந்தான். ஆவாரம் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிடும் முறை தமிழகத்தின் பழைய கைவினை. அவ்வாறு பட்டைச்சாற்றிற் பதனிட்ட தோல் உலகச் சந்தையில் எப்பெயரால் அறியப்படுகின்றது? ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரால்! நாட்டை விலைபேசிய குழுமத்தின் பெயர் ஆவாரம் பட்டையின்மேல் ஏறி அமர்ந்தது. வெள்ளையன் கப்பலேறிப் பல்லாண்டு கழித்து, இத்தோலுக்குப் புவிசார் குறியீடு பெற்ற காலையிலும் அதே பெயரின் சுருக்கமே பதிவேட்டில் எழுதப்பட்டது. ஆவாரைக்கு அங்கே இடமில்லை.

இப்பொழுது இதே மண்ணில் மற்றொரு தொழில் வேர்கொண்டு வருகின்றது. வேலூரைச் சுற்றிப் பொறியியற் கல்லூரிகள் எழுந்துள்ளன. தந்தை பெரியார் பெயர் தாங்கிய அரசுப் பொறியியற் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. தோல் மண்டியில் மூட்டை சுமந்தவரின் மகனும், காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவரின் மகளும் இன்று கணினி நிரல் எழுதப் பயில்கின்றனர். அவர்கள் எழுதும் நிரல்களிற் சில, யாவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைக்கப்படும் கட்டற்ற மென்பொருள்கள். ஒரு மென்பொருளைப் பொதுவில் வைக்கும் நாளன்று அதற்கு ஒரு பெயர் எழுதியாக வேண்டும். அந்த ஒரு கட்டத்தில் அவ்விளைஞர் என்ன எழுதுகின்றனர் என்பதே இங்கு ஆராயப்படுவது. காலணிக்குப் பெயரிடும் உரிமை தைத்தவளுக்கு இருந்ததில்லை. அது பணம் போட்டவனிடம் இருந்தது. மென்பொருளுக்கோ, எழுதியவரே பெயரிடலாம். எந்த முதலாளியும் குறுக்கே நிற்கவில்லை. நின்றிருந்தும், கையிற் கிடைத்த அவ்வுரிமையை ஆங்கிலத்தின் காலடியில் வைத்துவிட்டு வருவோரே மிகுதி.

கட்டற்ற மென்பொருள் என்பது யாதென அறியாத அன்பர்க்குச் சில சொற்கள். 1983-ஆம் ஆண்டு அமெரிக்கரான இரிச்சர்டு இசுடால்மன் என்பார், மென்பொருளின் மூலநிரலை மறைத்து வைப்பது மாந்தர்க்கு இழைக்கும் தீங்கு என்று கருதி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். நிரலை எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. அதற்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரே பின்னர் இடர் விளைத்தது. ஆங்கிலத்தில் ‘பிரீ’ என்னும் ஒரே சொல் விடுதலையையும் குறிக்கும், விலையின்மையையும் குறிக்கும். வணிகர்கள் அதைக் கேட்டு, விலையில்லாப் பொருளைத் தருகின்றானே என்று மிரண்டனர். இம்மயக்கத்தைத் தீர்க்க வழிகாணாது, 1998-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் கலிபோர்னியாவிற் கூடிய சிலர், கிறித்தின் பீட்டர்சன் என்னும் அம்மையார் மொழிந்த ‘ஓப்பன் சோர்சு’ என்னும் வேறு பெயரை ஏற்றனர். அப்பெயரை வணிகக்குறியாகப் பதிவுசெய்ய முயன்றபோது, அது பொருளை விளக்கும் பொதுச்சொல்லாக இருத்தலின் முயற்சி கைகூடவில்லை. ஒரே பொருளுக்கு இரு பெயர், இரு பெயர்க்கும் இரு கட்சி, கட்சிகளுக்கிடையே இன்றளவும் ஓயாத சொற்போர்.

ஆங்கிலம் இடறிய இவ்விடத்தில் தமிழ் இடறவில்லை என்பதைத் தமிழரே எண்ணிப் பார்ப்பதில்லை. ‘கட்டற்ற’ என்னும் சொல்லில் விலையைப் பற்றிய பேச்சே இல்லை. கட்டு என்பது தளை. அற்ற என்பது நீங்கிய. தளை நீங்கிய மென்பொருள் என்று சொன்ன அளவிலேயே அதன் கொள்கை முழுதும் விளங்கிவிடுகின்றது. அமெரிக்கர் பக்கம் பக்கமாக எழுதி விளக்கும் ஒன்றைத் தமிழ் ஐந்தெழுத்துச் சொல்லில் முடித்து வைக்கின்றது. இருந்தும் நாளிதழ்களிற் சில இன்னும் ‘இலவச மென்பொருள்’ என்றே எழுதுகின்றன. இல்லாத மயக்கத்தை ஆங்கிலத்திலிருந்து இறக்குமதி செய்யும் திறமை அவற்றிற்கே உரியது.

இனிப் பெயருக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பைக் காணலாம். கட்டற்ற மென்பொருளின் உரிமம் நிரலை முழுதும் ஊருக்கு ஈந்துவிடுகின்றது. ஆயின் பெயரை அது பெரும்பாலும் ஈவதில்லை. நிரல் பொதுவுடைமை, பெயர் தனியுடைமை. இவ்வேறுபாட்டை உணராதார் பட்ட பாடுகள் பல.

சன் என்னும் அமெரிக்கக் குழுமம் 2000-ஆம் ஆண்டு ஓர் அலுவலகத் தொகுப்பின் மூலநிரலைத் திறந்துவிட்டது. ‘ஓப்பன் ஆபீசு’ என்னும் பெயர் முன்னரே வேறொருவர் வணிகக்குறியாக இருந்தமையின், இணைய முகவரியின் வாலாகிய ‘ஆர்க்கு’ என்பதையும் பெயரோடு ஒட்டவைத்தே வழங்க வேண்டியதாயிற்று. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் பத்தாண்டுக்காலம் அதற்கு உழைத்தனர். பல மொழிகளில், தமிழிலும், அதன் இடைமுகத்தை ஆக்கினர். 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சன் குழுமத்தை ஆரக்கிள் விலைக்கு வாங்கியது. குழுமத்தோடு பெயரும் கைமாறிற்று. ஆர்வலர்கள் அவ்வாண்டு செப்தம்பர் 28-ஆம் நாள் தனி அறக்கட்டளை ஒன்று கண்டு, பெயரைத் தருமாறு ஆரக்கிளைக் கேட்டனர். அது தரவில்லை. பத்தாண்டு உழைத்தவர்கள் நிரலைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர்; பெயரைத் தூக்கிக்கொண்டு வெளியேற அவர்களால் இயலவில்லை. ‘இலிபர் ஆபீசு’ என்னும் புதுப்பெயரை உலகுக்கு அறிமுகப்படுத்த அவர்கள் மேலும் பல்லாண்டு பாடுபட வேண்டியிருந்தது. அவர்கள் புதுப்பெயருக்கு ஆங்கிலத்தை நாடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. பிரெஞ்சு, இசுபானிய மொழிகளில் விடுதலையுடையது என்று பொருள்படும் ‘இலிபர்’ என்பதை எடுத்தனர். ‘பிரீ’யின் மயக்கம் அதற்கில்லை.

மைசீக்குவல் என்னும் தரவுத்தளத்தின் செய்தியும் இத்தகையதே. பின்லாந்து நாட்டினரான அதன் ஆக்குநர் தம் மூத்த மகள் ‘மை’யின் பெயரை அதற்கு இட்டார். பெயரும் குழுமமும் விற்கப்பட்டுப் பிறர் கைக்குப் போயின. 2009-ஆம் ஆண்டு அவர் அதே நிரலினின்று கிளைத்த புதிய தரவுத்தளத்திற்கு இளைய மகள் மரியாவின் பெயரை இட்டார். மகள் பெயரையே விற்றுவிட்டு அடுத்த மகளைத் தேட வேண்டிய நிலை ஒரு தந்தைக்கு!

உலாவியாகிய பயர்பாக்சு 2002-ஆம் ஆண்டு ‘பீனிக்சு’ என்று பிறந்தது. அப்பெயர் கொண்ட வேறொரு குழுமம் மறுக்கவே, 2003-இல் ‘பயர்பேர்டு’ ஆயிற்று. அது முன்னரே ஒரு கட்டற்ற தரவுத்தளத்தின் பெயர்; அத்தரவுத்தளத்தார் சினந்தெழுந்தனர். 2004-ஆம் ஆண்டு பிப்பிரவரியில்தான் இன்றைய பெயர் வந்தது. இருமுறை சூடுபட்டவர்கள் மூன்றாம் பெயரை இறுகப் பற்றிக்கொண்டனர். எத்துணை இறுக்கம் என்றால், தம் ஒப்புதலின்றி நிரலைத் திருத்துவோர் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என்றனர். திருத்தும் உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பாத டெபியன் இயங்குதளத்தார் 2006-இல் அவ்வுலாவிக்கு ‘ஐசுவீசல்’ என்று வேறு பெயரிட்டனர். பத்தாண்டு கழித்து 2016-இல்தான் இருசாராரும் இணங்கிப் பழைய பெயர் மீண்டது. ஈண்டு ஓர் இடைச்செய்தி: தமிழன்பர் சிலர் இவ்வுலாவியை ‘நெருப்புநரி’ என்று மொழிபெயர்த்து மகிழ்கின்றனர். அப்பெயர் செந்நிறப் பாண்டா என்னும் இமயமலை விலங்கைக் குறிப்பதாக அதன் ஆக்குநர்களே கூறியுள்ளனர். நரிக்கும் அதற்கும் உறவில்லை. பிறர் தம் பொருட்கு இட்ட பெயரை மொழிபெயர்ப்பது வேண்டாத வேலை. அதைத் தமிழெழுத்தில், தமிழொலிக்கு இயைய எழுதினாற் போதும். தமிழர் தம் பொருட்குத் தாம் பெயரிடும் இடத்திலேயே தமிழுக்கு வேலை இருக்கின்றது.

உலகப் பெயராக வேண்டுமாயின் ஆங்கிலப் பெயராக இருத்தல் வேண்டும் என்பாருக்கு உபுண்டு என்னும் பெயரே விடை. அது தென்னாப்பிரிக்க மக்களின் மொழிகளில் உள்ள பழஞ்சொல்; பிறரால்தான் ஒருவன் மாந்தனாகின்றான் என்னும் கருத்துடையது. 2004-ஆம் ஆண்டு அப்பெயரோடு வெளிவந்த இயங்குதளத்தை அமெரிக்கனும் அப்படியே பலுக்குகின்றான், செருமானியனும் அப்படியே பலுக்குகின்றான். 2005-ஆம் ஆண்டு மாம்போ என்னும் வலைத்தள மென்பொருளின் ஆக்குநர்கள் பெயருரிமைச் சிக்கலால் பிரிந்து சென்றபோது, ஆப்பிரிக்கச் சுவாகிலி மொழியில் ‘எல்லாரும் ஒன்றாக’ என்று பொருள்படும் சொல்லை எடுத்துச் ‘சூம்லா’ என்றனர். ஆப்பிரிக்கன் சொல் உலகின் நாவில் ஏறுகின்றது; ஆம்பூரான் சொல் ஏறாதா?

இலினக்சின் பெயர்க்கதையோ நகைப்புக்குரியது. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து மாணவராகிய இலினசு தோர்வால்டுசு தாம் எழுதிய கருநிரலுக்குப் ‘பிரீயாக்சு’ என்று பெயரிட எண்ணியிருந்தார். அதைப் பொதுவிடத்தில் வைக்க உதவிய ஆரி இலெம்கே என்பார்க்கு அப்பெயர் பிடிக்கவில்லை. எழுதியவரைக் கேளாமலே, அவர் பெயரைத் திரித்து ‘இலினக்சு’ என்று அடைவுக்குப் பெயரிட்டுவிட்டார். அதுவே நிலைத்தது. இன்று ஆண்டிராய்டுக் கைப்பேசி ஒவ்வொன்றிலும் ஓடுவது அந்நிரலே. ஆக்கியவர் சூட்டாத பெயரும் சிலகால் நன்றாய் அமையும் என்பதற்கு அஃதொன்று சான்று. ஆயின் அதை நம்பி எவரும் வாளா இருத்தல் கூடாது.

தமிழர் ஆக்கிய மென்பொருள்களின் பெயர்களை நோக்குங்கால் மகிழ்ச்சியும் வருத்தமும் மாறிமாறி எழுகின்றன. எழில் என்னும் நிரல்மொழி, முத்து அண்ணாமலை என்பார் ஆக்கியது. அதில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘பின்கொடு’ என்பன கட்டளைச் சொற்கள். பெயரும் தமிழ், உடலும் தமிழ். 2012-ஆம் ஆண்டு தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இதழ் ‘கணியம்’ என்று பெயர் பூண்டது. கணித்தலின் வேரிற் பிறந்த அழகிய சொல். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இலினக்சைத் தமிழாக்க முனைந்த ஒரு முயற்சி ‘ழ கணினி’ எனப்பட்டது. தமிழுக்கே சிறந்த எழுத்தைக் கொடியாக ஏற்றிய துணிவு பாராட்டத்தக்கது.

எ-கலப்பையின் பெயரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ‘தமிழா’ என்னும் குழுவினர் உருவாக்கிய அத்தட்டச்சுக் கருவி, கணினியிலும் இணையத்திலும் எண்ணற்ற தமிழர்க்குத் தமிழெழுதக் கைகொடுத்தது. கலப்பை என்னும் சொல்லைத் தேர்ந்தவர் உழவின் அருமை அறிந்தவர். எழுதுதலை உழுதலோடு ஒப்பிட்ட உள்ளம் தமிழுள்ளமே. முன்னே நிற்கும் ‘எ’ யாது? மின்னியல் என்பதைக் குறிக்க ஆங்கிலத்தார் முன்னொட்டும் ஓரெழுத்தின் தமிழ் வடிவம் அது. இலக்கணம் அறிந்தார் அதை எவ்வாறு படிப்பர்? எகரம் தமிழில் வினாவெழுத்து. எ முன் கலப்பை வந்து புணரின் எக்கலப்பை ஆகும், ‘எந்தக் கலப்பை?’ என்பது அதன் பொருள். உழவன் கையிற் கலப்பையைக் கொடுத்துவிட்டு ‘எந்தக் கலப்பை?’ என்று அவனையே கேட்பது போன்றது இது. மின்கலப்பை என்றிருந்தால் ஒரு குறையும் வந்திராது. ஆயினும், வேரூன்றிவிட்ட அப்பெயரை இனி மாற்ற வேண்டும் என்று கூறுவதற்கில்லை. பல்லாயிரவர் நாவிற் பழகிய பெயரைப் பிடுங்கினால் இழப்பு தமிழுக்கே. இனி வருவோர் அவ்வொட்டைப் பின்பற்றாதிருப்பின் அமையும்.

வருந்தத்தக்கவை வேறு. சிவப்புத் தொப்பியைப் பெயராகக் கொண்ட அமெரிக்கக் குழுமம் இந்திய மொழிகளுக்கு வழங்கிய கட்டற்ற எழுத்துருவின் பெயர் ‘உலோகித்’. சிவப்பு என்பதன் வடசொல் அது. இலினக்சுக் கணினி பலவற்றில் தமிழ் எழுதப்படுவது அவ்வெழுத்துருவில். தமிழெழுத்துக்கு வடமொழிப் பெயர். நடுவணரசின் கணிமை மேம்பாட்டு நடுவம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் பாரதத்தின் பெயரால் தொடங்கி, சுருங்கி, ‘பாசு’ என்று முடிந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு எசமானன் என்று பொருள். கட்டற்ற மென்பொருளுக்கு எசமானன் என்று பெயரிட்டவரின் நகைச்சுவையுணர்வை என்னென்பது! 2020-இல் மூலநிரல் திறக்கப்பட்ட நோய்த்தொற்றுச் செயலி ‘ஆரோக்கிய சேது’. 2022-இல் வந்த மொழிபெயர்ப்புத் திட்டம் ‘பாசினி’. தமிழை மொழிபெயர்க்கும் பொறிக்கும் தமிழிற் பெயரில்லை. பெயரிடும் உரிமை எவரிடம் உள்ளதோ அவர் மொழியே பெயராகும் என்பதற்கு இவற்றின் மிக்க சான்று வேண்டுவதில்லை.

பெயர் மாற்றம் என்னும் பகுதிக்கு வருங்கால், தமிழர்க்கு அது புதிய பாடமன்று. மறைமலையடிகள் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டபின் வேதாசலம் என்னும் தம் பெயரை மாற்றியதோடு நின்றாரல்லர். தம் ஞானசாகரத்தை அறிவுக்கடல் ஆக்கினார். சமரச சன்மார்க்க நிலையத்தைப் பொதுநிலைக் கழகம் ஆக்கினார். ஒருவர் தம் பெயரை மட்டும் மாற்றித் தாம் நடத்தும் அமைப்பைப் பழைய பெயரில் விட்டிருப்பின் அம்மாற்றம் பாதியே. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரோ இத்தோல் நிலத்தோடே தொடர்புடையவர். இளமையிற் பெற்றோரை இழந்து, ஆம்பூரில் தம் தமக்கையார் இல்லத்தில் வளர்ந்து, அந்நகரின் உலுத்தரன் நடுநிலைப் பள்ளியிற் பயின்றார். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். தேவநேசக் கவிவாணன் என்று வழங்கிய பெயரை அவரே தேவநேயப் பாவாணன் என்று மாற்றிக்கொண்டார். நேசம் நேயமாயிற்று, கவி பாவாயிற்று. பெயரின் எலும்பு மாறவில்லை, ஒலிநடையும் மாறவில்லை. பழைய பெயரை அறிந்தவர் புதிய பெயரைக் கேட்ட அளவில் இன்னாரென்று உணர்ந்துகொள்வர். பெயர் மாற்ற விரும்பும் எந்த மென்பொருள் ஆக்குநர்க்கும் இதனினும் சிறந்த முன்மாதிரி கிடையாது. இன்று ‘கவிவாணர்’ என்னும் பெயரிலேயே கட்டற்ற தமிழ் எழுத்துரு ஒன்று உலவுகின்றது. பாவாணர் கழித்த சொல் எழுத்துருவாய்த் திரும்பி வந்ததை அவர் கண்டிருப்பின் முறுவலித்திருப்பார்.

நாட்டின் பெயரும் அவ்வாறு மாறியதே. தமிழ்நாடு என்னும் பெயருக்காகச் சங்கரலிங்கனார் 1956-ஆம் ஆண்டு உண்ணாது நோற்று உயிர்நீத்தார். 1967 சூலையிற் சட்டமன்றம் தீர்மானம் இயற்றி, 1969 சனவரி 14-ஆம் நாள் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயரில் ஒன்றுமில்லை என்பார் அம்முதியவரின் உயிருக்கு என்ன விலை கூறுவர்?

ஆயின் மாற்றும் ஆர்வம் மட்டும் போதாது, திறமும் வேண்டும். வேலூரார் இதை 2020-ஆம் ஆண்டு நேரிற் கண்டனர். ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்திலும் தமிழொலிப்பிற்கேற்ப எழுத வேண்டுமென்று தமிழக அரசு 1,018 ஊர்களுக்குப் புதிய எழுத்துக்கூட்டலை வெளியிட்டது. நோக்கம் நன்று, குறை கூறுதற்கில்லை. வேலூரின் முதலெழுத்திலுள்ள நெடிலைக் காட்ட ஆங்கில ‘ஈ’ எழுத்தை இரட்டித்தனர். ஆங்கிலம் பயின்றோர் யாவரும் அதை ‘வீலூர்’ என்று படித்தனர். வேலும் போயிற்று, வேலமரமும் போயிற்று, வீல் வந்தது. சூன் திங்களிற் பரவிய அவ்வாணை சில நாள்களிலேயே, சூன் 18 அன்று, திரும்பப் பெறப்பட்டது. வெளியிடுமுன் ஊரான் ஒருவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருந்தால் இந்நாண் நேர்ந்திராது.

மென்பொருட் பெயர்க்கும் இதே இடர் காத்திருக்கின்றது. இணைய முகவரிகளிற் கூடத் தமிழெழுத்து நுழைந்துவிட்டது; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் தமிழ் ஈறுகள் உள. பைத்தான் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு வந்ததிலிருந்து நிரலுக்குள்ளேயே தமிழிற் பெயர்களை எழுதலாம். ஆயின் அம்மொழியின் தொகுப்புகளைப் பதியும் பொதுக்களஞ்சியமோ, கிட்கப்பு என்னும் களஞ்சியமோ, திட்டப்பெயரைத் தமிழெழுத்தில் ஏற்பதில்லை. வீட்டிற்குள் தமிழ் பேசலாம். வாயிற் பலகையில் தமிழ் எழுதலாகாது என்பதே அங்குள்ள நிலை. எனவே எத்துணைச் செந்தமிழ்ப் பெயராயினும் அது உரோமன் எழுத்தாகிய மிதியடியைப் போட்டுக்கொண்டே அம்மன்றத்துக்குள் நுழைய வேண்டும். நுழையும்போது ழகரம் ஓரிடத்து ஒருவகையாகவும், மற்றோரிடத்து வேறுவகையாகவும் எழுதப்படுகின்றது. தேடுபவன் ஒன்றை எழுதித் தேட, ஆக்கியவன் மற்றொன்றை எழுதி வைத்திருக்க, இருவரும் சந்திப்பதேயில்லை.

இதற்கஞ்சி ழ, ள, ண உள்ள சொற்களையே விலக்குக என்று அறிவுரைப்பார் உளர். அஃது ஏற்கத்தக்கதன்று, எழுத்தை எழுத்தாகக் காக்கத் தெரியாதவன் சொல்லைத் துறப்பது கோழைமை. ஒரே எழுத்துக்கூட்டலை முதல்நாளே வரையறுத்து, அதையே எங்கும் எழுதி, பிற கூட்டல்களையும் தேடுசொற்களாகக் குறித்து வைப்பின் சிக்கல் தீரும். களஞ்சியத்தின் முகப்புரையில் முதல் வரியாகத் தமிழெழுத்தில் பெயரை எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அதைக் கூடப் பலர் செய்வதில்லை. முகில், அரண், பாலம், நிரை, கலம், ஊற்று, அணில், தும்பி என்று எழுதவும் பலுக்கவும் எளிய தமிழ்ச்சொற்கள் குவிந்து கிடக்கையில், ‘சிமார்ட்டு’, ‘ஈசி’, ‘குயிக்கு’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையே மாற்றிமாற்றி ஒட்டும் வறுமை எங்கிருந்து வந்தது?

பெயரைப் பதியுமுன் ஆராய வேண்டுவன உள. அப்பெயரில் வேறு மென்பொருள் உண்டா, வணிகக்குறிப் பதிவேட்டில் அப்பெயர் உண்டா என்பவற்றைப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பாராதுவிடின் நேர்வது என்ன என்பதை 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் காட்டிற்று. துருக்கிய நிரலர் ஒருவர் தம் தொகுப்பு ஒன்றுக்குக் ‘கிக்கு’ என்று பெயரிட்டிருந்தார். அப்பெயரைக் கொண்ட கனடியச் செய்திச் செயலிக் குழுமம் பெயரை விடச் சொன்னது. அவர் மறுத்தார். களஞ்சியத்தார் பெயரைக் குழுமத்திடம் ஒப்படைத்தனர். சினந்த நிரலர் தம் தொகுப்புகள் அனைத்தையும் அங்கிருந்து நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று பதினொரே வரி கொண்ட சிறு நிரல். சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது. அதை நம்பியிருந்த எத்தனையோ பெருநிறுவனங்களின் மென்பொருள்கள் அன்று கட்டமைய மறுத்து நின்றன. ஒரு பெயர்ப்பூசலால் உலக இணையத்தின் ஒருபகுதி சில மணிநேரம் தள்ளாடியது. வலியவன் பதிவேட்டைக் காட்டினால் எளியவன் பெயரை இழப்பான் என்பதையும், களஞ்சியம் என்பது பிறன் வீடு என்பதையும் தமிழிளைஞர் இதினின்று அறிந்துகொள்ளலாம். தமிழ்ப்பெயர் இட்டிருப்பின் இத்தகைய முட்டல் மிக அருகியே நேரும். உலக வணிகர் எவரும் தும்பியையும் நிரையையும் இன்னும் பதிவுசெய்து வைத்தாரல்லர் என்றே நம்பலாம், தமிழரே முந்திக்கொள்ளட்டும்.

முன்னரே ஆங்கிலப் பெயரிட்டுவிட்டோர் நிலை யாது? பயனர் நூற்றுவர்க்குக் குறைந்த நிலையில் இன்றே மாற்றுவது எளிது. பயனர் பெருகியபின் மாற்றுவோர் பழைய பெயரைத் திடுமென அழித்தலாகாது. கிட்கப்புக் களஞ்சியத்திற் பெயர் மாற்றினால் பழைய முகவரிக்கு வருவோர் தாமாகவே புதிய முகவரிக்குத் திருப்பிவிடப்படுவர்; ஆயின் அப்பழைய பெயரில் அதே கணக்கில் மற்றொரு களஞ்சியத்தைத் திறந்துவிட்டால் அத்திருப்பம் அறுந்துபோகும். எனவே பழைய பெயரைப் பிறிதொன்றிற்கு எடுத்தாளாது வைத்திருக்க வேண்டும். தொகுப்புக் களஞ்சியங்களில் பழைய பெயரில் வெற்றுத் தொகுப்பொன்றை விட்டு, அது புதிய பெயரைச் சுட்டுமாறு செய்ய வேண்டும்; விட்டுச்சென்ற பெயரைத் தீயோர் எடுத்து நச்சுநிரலை வைப்பதும் உண்டு. உடனுழைத்தோர் அனைவரையும் கலந்தே புதுப்பெயரைத் தேர்தல் வேண்டும். கூடி உழைத்தவர் கூடாமல் மாற்றிய பெயர் கிளைப்பூசலில் முடியும். முகப்புரையில் ‘முன்னர் இன்ன பெயரால் வழங்கியது’ என்னும் ஒரு வரி குறைந்தது ஓராண்டேனும் நிற்கட்டும். கல்லூரிகளில் இறுதியாண்டு மாணாக்கர் தம் திட்டப்பெயரை எழுதிக் கொடுக்கும் காலம் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றது. அத்தாளில் தமிழெழுத்தில் பெயரெழுத ஒரு கட்டமும், உரோமன் எழுத்துக்கூட்டலுக்கு அதனடியில் மற்றொரு கட்டமும் அச்சிட்டுத் தருமாறு வேலூர், ஆம்பூர்ப் பகுதித் தமிழாசிரியர்கள் தத்தம் துறைத்தலைவரைக் கேட்கலாம். அதற்கு அரசாணை வேண்டுவதில்லை.